பிடரித் தட்டு எதற்கு? கோபியின் சிறு டைனோசர் குறித்த நூறாண்டு ஆய்வு

கொம்பு டைனோசர் இனங்களில் பலவற்றை ஒற்றை மண்டையோட்டைக் கொண்டே அறிந்திருக்கிறோம். சிலவற்றுக்கு அதுவும் முழுதாக இல்லை. மங்கோலியாவிலும் அதையொட்டிய சீனப் பகுதியிலும் பரந்து கிடக்கும் கோபிப் பாலைவனத்தின் புரோட்டோசெராடாப்ஸ் மட்டும் இதற்கு விலக்கு. முட்டைக்குள் சுருண்டிருந்த கரு, அண்மையில் பொரித்த குஞ்சு, வளரும் பருவத்தது, முதிர்ந்தது என எல்லா வயதிலும் அதன் எலும்புகள் கிடைத்துள்ளன. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவை சேகரிக்கப்பட்டுவிட்டன. ஆகவே, பிற கொம்பு டைனோசர்களைப் பற்றி ஊகமாக மட்டுமே சொல்லக்கூடிய பலவற்றை இந்த ஒன்றில் அளந்து பார்த்துச் சொல்ல முடிகிறது. இது எப்படி வளர்ந்தது, எப்படி இனம் பெருக்கியது, யாரோடு மோதியது, தலைக்குப் பின்னால் விரிந்திருந்த அந்த எலும்புத் தட்டை எதற்குப் பயன்படுத்தியது ஆகிய கேள்விகள் அத்தகையவை.

நூறாண்டுகளில் இந்தக் கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகளை வரிசையாகப் படித்தால் ஒன்று புலப்படும். இரண்டு பொருள்கள் அருகருகே கிடந்தன, ஆகவே அவற்றுக்குள் உறவு உண்டு என்று சொன்ன விடைகள் பெரும்பாலும் கவிழ்ந்துவிட்டன. பல எலும்புகளைச் சேர்த்து அளந்து சொன்னவையும் திருத்தத்துக்கு உள்ளாயின. ஆனால் ஒவ்வொரு திருத்தமும் நம்மை முன்னே நகர்த்தியது. இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவே இக்கட்டுரை.

முதலில் விலங்கைப் பார்ப்போம். கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதியில், ஏறத்தாழ 7.5 கோடி முதல் 7.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மணல்மேடுகளும் அவற்றுக்கிடையே சிறு நீர்நிலைகளும் கொண்ட வறண்ட நிலத்தில் இது வாழ்ந்தது. நீளம் சுமார் இரண்டு மீட்டர், அதற்குச் சற்று மேலும் போகலாம். நான்கு கால்களில் நடந்தது. உடலோடு ஒப்பிட்டால் தலை மிகப் பெரியது. முன்வாய் கிளியின் அலகுபோல் வளைந்து கூர்ந்திருந்தது. பின்வாயில் தாவரத்தை நறுக்கும் பற்கள் இருந்தன. கன்ன எலும்புகள் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தன. பிடரியில் மெல்லிய எலும்புத் தட்டு ஒன்று மேலெழுந்து விரிந்தது. அதில் இரண்டு பெரிய துளைகள். கொம்பு டைனோசர் குடும்பத்தில் சேர்த்து எண்ணப்பட்டாலும் உண்மையான கொம்பு இதற்கு இல்லை. முதிர்ந்தவற்றின் மூக்கின்மேல் ஒரு மேடு மட்டும் உண்டு. கோபியில் தோண்டும் ஆய்வாளர்கள் திரும்பும் இடமெல்லாம் இது தென்படுவதால் இதைக் கிரெட்டேசியக் காலத்து ஆடு என்று அழைப்பதுண்டு. உருவத்துக்கும் எண்ணிக்கைக்கும் அந்தப் பெயர் பொருந்துகிறது.

இதைத் தேடி யாரும் கோபிக்குப் போகவில்லை. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் மனித இனத்தின் மூதாதையரைத் தேடித்தான் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் தலைமையில் மோட்டார் வண்டிகளும் ஒட்டகங்களும் கொண்ட பெரும் பயணக்குழுவை அனுப்பியது. மனிதன் மத்திய ஆசியாவில் தோன்றினான் என்று அருங்காட்சியகத் தலைவர் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் உறுதியாக நம்பினார். 1922 செப்டம்பர் தொடக்கத்தில் குழுவின் ஒளிப்படக் கலைஞர் ஷேக்கல்ஃபோர்ட் பயன்சாக் என்னும் இடத்தில் ஒரு செம்பாறை விளிம்பில் இறங்கிப் பார்த்தபோது சிறு மண்டையோடு ஒன்று கண்ணில் பட்டது. மறு ஆண்டே வால்டர் கிரேஞ்சரும் வில்லியம் கிங் கிரிகோரியும் அதை விவரித்து, பயணத் தலைவரின் நினைவாகப் புரோட்டோசெராடாப்ஸ் ஆண்ட்ரூசி என்று பெயரிட்டார்கள். மனித மூதாதையரின் எலும்பு எதுவும் அங்கே கிடைக்கவில்லை.

1923 ஜூலையில் குழு மீண்டும் அதே பாறைச் சரிவுக்கு வந்தது. ஜார்ஜ் ஓல்சன் என்னும் உறுப்பினர் முட்டைகளைக் கண்டெடுத்தார். டைனோசர் முட்டையோட்டுத் துண்டுகள் 1859லேயே தென் பிரான்சில் விவரிக்கப்பட்டவைதான். ஆனால் அவை எந்த விலங்கினுடையவை என்று அப்போது யாரும் சரியாக உணரவில்லை. இங்கேயோ கூடாக அடுக்கப்பட்ட நீள்வட்ட முட்டைகள், சுற்றிலும் ஒரே வகை டைனோசரின் எலும்புகள். முட்டைகள் புரோட்டோசெராடாப்ஸுடையவை என்பதில் குழுவுக்கு ஐயமே எழவில்லை. எங்கும் நிறைந்திருக்கும் விலங்குதானே முட்டையும் இட்டிருக்க வேண்டும்?

ஒரு முட்டைக் கூட்டத்தின் மேல் சில அங்குல மணலுக்கு மேலே பல்லில்லாத, ஊன்தின்னி வகை டைனோசர் ஒன்றின் எலும்புக்கூடு கிடந்தது. முட்டை திருட வந்து அங்கேயே இறந்துபோனது என்று முடிவாயிற்று. 1924இல் ஆஸ்போர்ன் அதற்கு ஓவிராப்டர் ஃபிலோசெராடாப்ஸ் என்று பெயர் வைத்தார். கொம்பு டைனோசர்களின் முட்டையை விரும்பும் திருடன் என்பது அதன் பொருள். அந்தப் பெயர் அவ்விலங்கின் உண்மையான இயல்பைத் தவறாகக் காட்டிவிடக்கூடும் என்று ஆஸ்போர்ன் அதே கட்டுரையில் எச்சரித்தும் இருந்தார். எச்சரிக்கையை யாரும் நினைவில் வைக்கவில்லை. அடுத்த 70 ஆண்டுகள் பாடநூல்களிலும் ஓவியங்களிலும் அருங்காட்சியகக் காட்சிப் பேழைகளிலும் புரோட்டோசெராடாப்ஸ் தாய் தன் கூட்டைக் காத்து நின்றது, ஓவிராப்டர் திருடித் தின்றது.

1993இல் அமெரிக்க அருங்காட்சியகமும் மங்கோலிய அறிவியல் கழகமும் இணைந்து உக்கா தோல்கோத் என்னும் புதிய இடத்தைக் கண்டறிந்தன. அங்கே ஆய்வாளர் மார்க் நோரெல் எடுத்த, அதே வகையைச் சேர்ந்த முட்டை ஒன்றுக்குள் கரு இருந்தது. அது புரோட்டோசெராடாப்ஸின் கரு அல்ல, ஓவிராப்டர் குடும்பத்துக் கரு. 1994இல் இது வெளியானது. மறு ஆண்டில், அதே குடும்பத்து விலங்கு ஒன்று முட்டைகளின் மேல் கைகளை விரித்து அடைகாத்தபடியே புதைந்துபோன எலும்புக்கூடு விவரிக்கப்பட்டது. திருடன் என்று பெயர் வாங்கியது தன் முட்டையின் மேல்தான் இறந்திருக்க வேண்டும். விலங்குப் பெயரிடும் விதிகளின்படி பெயரை மாற்ற முடியாது. ஓவிராப்டர் இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது.

அப்படியானால் புரோட்டோசெராடாப்ஸின் முட்டை எங்கே? இத்தனை எலும்புகள் கிடைத்த விலங்குக்கு ஒரு முட்டைகூடக் கிடைக்காதது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை வர 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உக்கா தோல்கோத்தில் எடுத்த ஒரு தொகுதியில் குறைந்தது 12 முட்டைகள், உள்ளே வளைந்து சுருண்ட கருக்கள், ஆனால் ஓடு இல்லை. கருக்களைச் சுற்றி முட்டை வடிவத்தில் மங்கலான கறுப்பு வெள்ளைப் படலம் மட்டும் இருந்தது. நோரெலும் யாஸ்மினா வீமன் உள்ளிட்ட அவருடைய கூட்டாளிகளும் அந்தப் படலத்தின் வேதி இயல்பை ஒளிச்சிதறல் முறையில் ஆராய்ந்து, இன்று வாழும் பறவை, முதலை, ஆமை, பல்லி ஆகியவற்றின் முட்டையோடுகளோடு ஒப்பிட்டார்கள். சுண்ணாம்பு ஓடு அல்ல, பல ஆமைகள் இடும் முட்டையைப்போல் தோல்போன்ற மென்மையான உறை என்று தெரிந்தது. தென் அமெரிக்காவின் பழைய டைனோசர்களில் ஒன்றான முசாரஸின் முட்டைகளும் அப்படியே. டைனோசர் முட்டை தொடக்கத்தில் மென்மையாக இருந்தது, கடின ஓடு பிற்பாடு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியது என்பது அந்த ஆய்வின் முடிவு.

இந்தக் கண்டுபிடிப்பின் விளைவு சிறியதல்ல. மென்தோல் முட்டை எளிதில் அழுகும், புதைபடிவமாவது அரிது. அது காற்றில் ஈரத்தை விரைவில் இழந்துவிடும், ஆகவே மண்ணுக்குள் புதைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். மேலே படுத்து அடைகாத்தால் நசுங்கிவிடும். எழுபது ஆண்டுகளாக ஓவியர்கள் வரைந்த காட்சி, முட்டைகளின் அருகே நின்று காக்கும் தாய், இரு வகையில் தவறாயிற்று. முட்டையும் அதனுடையதல்ல, முட்டையிட்ட முறையும் அதுவல்ல.

ஆனால் குஞ்சுகளைக் கவனிக்காத விலங்கு என்றும் சொல்லிவிட முடியாது. தூக்ரிக்கின் ஷிரே என்னும் இடத்தில், சுமார் 70 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழிவான கூடு ஒன்றில் 15 குஞ்சுகள் ஒன்றாகப் புதைந்து கிடந்ததை டேவிட் ஃபாஸ்டோவ்ஸ்கியும் மங்கோலிய, ஜப்பானிய அறிஞர்களும் 2011இல் விவரித்தார்கள். பொரித்த உடனே இறந்தவை அல்ல அவை. சிறிது காலம் வளர்ந்தவை. வளர்ந்த பிறகும் கூட்டிலேயே தங்கியிருந்தன என்றால் அவற்றுக்குத் தீனியோ காவலோ கிடைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். பெற்றோரின் எலும்பு அருகில் இல்லை. இங்கே அருகிலிருந்த எலும்பு எதையும் சான்றாகக் கொள்ளாமல், குஞ்சுகளின் பருவத்தைக் கொண்டே முடிவு சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கருத்து எனக்கு வலுவாகப் படுகிறது. 2014இல் அதே பகுதியிலிருந்து சற்று வளர்ந்த நான்கு இளம் விலங்குகள் அருகருகே புதைந்திருந்தது வெளியானபோது, வயதொத்தவை கூட்டமாகத் திரிந்தன என்ற எண்ணமும் வலுப்பட்டது.

தூக்ரிக்கின் ஷிரே இன்னொரு காரணத்துக்காகவே உலகப் புகழ் பெற்றது. 1971இல் போலந்து-மங்கோலியக் கூட்டுப் பயணக்குழு, ஸோஃபியா கீலான்-யாவொரோவ்ஸ்காவின் தலைமையில், அங்கே ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த இரு எலும்புக்கூடுகளைக் கண்டது. ஒன்று புரோட்டோசெராடாப்ஸ், மற்றொன்று வெலோசிராப்டர் என்னும் ஊன்தின்னி. வெலோசிராப்டரின் வலக்கை முன்பகுதி புரோட்டோசெராடாப்ஸின் அலகுக்குள் கடிபட்டிருக்கிறது. வெலோசிராப்டரின் பின்காலில் உள்ள அரிவாள் நகம் எதிரியின் கழுத்துப் பக்கம் நீண்டிருக்கிறது. மங்கோலியா இதைத் தன் தேசியச் செல்வமாகப் போற்றுகிறது.

அருகில் கிடப்பதை உறவென்று கொள்ளாதே என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்தேன். இங்கே அந்த எச்சரிக்கை பொருந்துமா? சிலர் பொருத்திப் பார்த்தார்கள். இறந்து கிடந்த புரோட்டோசெராடாப்ஸைத் தின்ன வந்த வெலோசிராப்டரும் மணலில் புதைந்திருக்கலாம் என்றார்கள். தண்ணீர் இரண்டு உடல்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து போட்டிருக்கலாம் என்ற எண்ணமும் வந்தது. அலகுக்குள் இருக்கும் கை இவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை. பிணம் கடிக்காது. ஓடும் நீர் ஒரு விலங்கின் கையை இன்னொன்றின் வாய்க்குள் செருகிப் பூட்டாது. இரண்டும் உயிரோடு இருந்தபோது மோதின, மோதலின் நடுவில் மணல் அவற்றை மூடியது என்பதே இன்று பெரும்பான்மை அறிஞர்கள் ஏற்பது. புரோட்டோசெராடாப்ஸின் சில உறுப்புகள் காணாமல் போனதற்கு, புதைந்த பிறகும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பிற விலங்குகள் இழுத்துச் சென்றது காரணமாகலாம்.

மணல் எப்படி மூடியது? மணற்புயல் என்பது பழைய விடை. புயலே ஒரு விலங்கை நின்ற நிலையில் புதைக்குமா என்ற ஐயம் அதைத் தொடர்ந்தது. உக்கா தோல்கோத்தின் மணற்பாறைகளை ஆராய்ந்த நிலவியலாளர்கள், பெருமழையில் ஊறிய மணல்மேட்டுச் சரிவு திடீரெனப் பெயர்ந்து இறங்கியிருக்க வேண்டும் என்று 1990களின் இறுதியில் காட்டினார்கள். அங்கு எலும்புகள் நிறைந்த பாறையில் காற்று அடுக்கிய மணலின் வரிகள் இல்லை என்பது அவர்களுடைய முக்கியச் சான்று. எல்லா இடத்துக்கும் ஒரே விடையாக இருக்க வேண்டியதில்லை. சீனத்தின் உள் மங்கோலியாவில் பயன் மந்தாகூ என்னும் இடத்தில் புரோட்டோசெராடாப்ஸ்கள் மூக்கை மேல்நோக்கித் தூக்கியபடி புதைந்திருக்கின்றன. மேலே குவியும் மணலிலிருந்து வெளியேற முயன்று தோற்றவை என்று அந்த நிலையைப் படிக்கிறார்கள். அங்கு மணற்புயல்தான் பொருத்தமான விடை என்று நான் கருதுகிறேன். எப்படியானாலும், இத்தனை முழுமையான எலும்புக்கூடுகள் நமக்குக் கிடைத்தது உயிரோடு புதையும் அந்தக் கொடுமையால்தான்.

வெலோசிராப்டருக்கும் இதற்கும் இருந்த தொடர்பு அந்த ஒரு சண்டையோடு நிற்கவில்லை. பயன் மந்தாகூவில் பற்குறி பதிந்த புரோட்டோசெராடாப்ஸ் எலும்புகளும் அவற்றோடு உதிர்ந்த வெலோசிராப்டர் வகைப் பற்களும் கிடைத்ததை டேவிட் ஹோனும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்டார்கள். குறிகள் தாடை எலும்பில் இருந்தன. இறைச்சி குறைவான இடம் அது. நல்ல பகுதிகள் தீர்ந்த பிறகு எஞ்சியதைக் கொறித்த தடயம் என்று அவர்கள் கொண்டார்கள்.

இனி மையக் கேள்விக்கு வருவோம். பிடரித் தட்டு எதற்கு?

மிகப் பழைய விடை, தாடைத் தசை. வாயை மூடும் தசைகள் மண்டையின் பின்பகுதித் துளை வழியே மேலேறித் தட்டின்மேல் பற்றிக்கொண்டன, அதனால் கடி வலுவாயிற்று என்று 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பலர் எழுதினார்கள். பச்சோந்தியின் தலைக்கூம்பில் தாடைத் தசை ஏறியிருப்பதைத் துணைக்குக் காட்டினார்கள். தட்டின் அடிப்பகுதியில் தசை ஒட்டியிருந்தது என்பதை இன்றும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தசையின் வலிமை அதன் பருமனைச் சார்ந்தது, நீளத்தை அல்ல. நீண்ட தசை வாயை அகலத் திறக்க உதவும்; கடியை அதே விகிதத்தில் வலுப்படுத்தாது. தட்டின் அடிப்பகுதி ஏன் இருக்கிறது என்பதற்கு இது விடையாகலாம். தட்டு ஏன் அவ்வளவு விரிந்தது என்பதற்கு ஆகாது.

கேடயம் என்பது இரண்டாவது விடை. குழந்தைகள் புத்தகங்களில் இன்றும் இதுவே இருக்கிறது. கழுத்தைக் காக்கும் கேடயத்தில் இரண்டு பெரிய துளைகளை யாரும் விடமாட்டார்கள். துளைகளைச் சுற்றியுள்ள எலும்பும் மெல்லியது. தூக்ரிக்கின் ஷிரே சண்டையில் வெலோசிராப்டரின் நகம் கழுத்தை எட்டிவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளலாம். உடல் வெப்பத்தை வெளியேற்றும் விரிப்பு என்ற மூன்றாவது விடையும் உண்டு. பாலைவன விலங்குக்கு அது பயன்பட்டிருக்கலாம். ஆனால் வெப்பத்துக்காக மட்டும் வளர்ந்த உறுப்பு இனத்துக்கு இனம் வடிவம் மாறவேண்டிய அவசியம் இல்லை. கொம்பு டைனோசர்களின் தட்டுகளோ ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

1975இல் ஜேம்ஸ் ஃபார்லோவும் பீட்டர் டாட்சனும் கேள்வியை வேறு திசைக்குத் திருப்பினார்கள். இன்று வாழும் மான், ஆடு, ஓணான் ஆகியவற்றின் நடத்தையை வைத்துப் பார்த்து, கொம்பும் தட்டும் முதன்மையாகத் தன்னைப் பிறருக்குக் காட்டுவதற்கு என்றார்கள். துணையைக் கவர்வதற்கும் போட்டியாளரை அடக்குவதற்குமான காட்சி உறுப்பு அது. தலையைக் குனிந்தால் தட்டு நிமிர்ந்து, முன்னால் நிற்பவருக்கு விலங்கு பெரிதாகத் தெரியும்.

இந்தக் கருத்தைச் சோதிக்கப் புரோட்டோசெராடாப்ஸைவிடத் தகுந்த விலங்கு இல்லை. 1940இல் பார்னம் பிரவுனும் எரிக் ஷ்லைக்யரும் அமெரிக்க அருங்காட்சியகத்தின் மண்டையோடுகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி வளர்ச்சியை விவரித்திருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தட்டு வேறுபட்டது என்றும் அவர்கள் எண்ணினார்கள். 1976இல் டாட்சன் 24 மண்டையோடுகளை அளந்து, புள்ளியியல் முறையில் பெரியவற்றை ஆண் என்றும் பெண் என்றும் பிரித்தார். அகன்று நிமிர்ந்த தட்டும் உயர்ந்த மூக்கு மேடும் உடையவை ஆண்கள். ஒரு டைனோசரில் ஆண், பெண் வேறுபாட்டை எண்களால் காட்டிய முன்னோடி ஆய்வு அது. ஒரு தலைமுறை மாணவர்கள் அதைப் பாடமாகவே படித்தார்கள்.

2015இல் லியோனார்டோ மயோரினோவும் கூட்டாளிகளும் கூடுதலான மண்டையோடுகளைக் கொண்டு, கணினியில் வடிவத்தையே ஒப்பிடும் புதிய முறையில் அதைச் சோதித்தார்கள். இரு கூட்டங்களாகப் பிரியவில்லை. ஆண் என்று குறித்தவையும் பெண் என்று குறித்தவையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நின்றன. டாட்சனின் உழைப்பை இது சிறுமைப்படுத்தாது. 24 மண்டையோடுகளில் தெரிந்த பிரிவு, எண்ணிக்கை கூடியபோது கரைந்தது. அவர் அளவுகளை வெளியிட்டிருந்ததால்தான் பிறர் சோதிக்க முடிந்தது. முட்டைக் கதை கவிழ 70 ஆண்டும் ஒரு தற்செயலான கருவும் தேவைப்பட்டன. இங்கே திருத்தம் அதே வழியிலிருந்தே வந்தது.

ஆண், பெண் வேறுபாடு தெரியவில்லை என்றால் காட்சி உறுப்பு என்ற கருத்தும் விழுந்துவிடுமா? மயிலை மனத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பறவைகளில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி அலங்காரம் கொண்டு ஒன்றையொன்று தேர்ந்தெடுக்கும் இனங்களும் உண்டு. வட பசிபிக் கடலின் கொண்டை ஆக்லெட் அவற்றுள் ஒன்று. ஆகவே கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது. இரு பால்களும் வேறுபட்டனவா என்று கேட்காமல், தட்டு எந்த வயதில் எப்படி வளர்ந்தது என்று கேட்டார்கள். 2016இல் ஹோன், டிலன் வுட், ராபர்ட் நெல் மூவரும் குஞ்சு முதல் முதிர்ந்தது வரை 37 மாதிரிகளை ஒப்பிட்டார்கள். உடல் வளரும் விகிதத்தைவிடத் தட்டு மிக விரைவாக வளர்ந்திருந்தது. முதிர்ச்சியை நெருங்கும்போது அது பெரிதானது. கேடயமாகவோ தசைப்பற்றாகவோ இருந்தால் குஞ்சுக்கும் அது தேவைப்பட்டிருக்குமே? எளிதில் இரையாவதும் தின்றே ஆக வேண்டியதும் குஞ்சுதான்.

2021இல் ஆண்ட்ரூ நாப், நெல், ஹோன் மூவரும் 30 மண்டையோடுகளின் முப்பரிமாண வடிவத்தை அலசினார்கள். தட்டு மண்டையோட்டின் பிற பகுதிகளோடு சேர்ந்து மாறாமல் தனியொரு அலகாக மாறியது. வளர்ச்சியில் வடிவம் அதிகம் மாறியதும் தட்டில்தான், ஒவ்வொரு விலங்குக்கும் இடையே வேறுபாடு மிகுந்ததும் தட்டில்தான். பாலின, சமூகக் காட்சிக்காக உருவான உறுப்பிடம் எதிர்பார்க்கப்படும் இயல்புகள் இவை. தன் இனத்தை அடையாளம் காண்பதற்கே இத்தகைய உறுப்புகள் என்று வேறு சிலர் வாதிட்டதற்கும் இது எதிராகவே நிற்கிறது. அடையாளச் சின்னம் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதே பயன். இவ்வளவு வேறுபட்டால் அது அடையாளம் ஆகாது. காட்சி உறுப்பு என்ற விடை இப்போதைக்கு நிலைபெற்றுவிட்டது என்றே நான் சொல்வேன்.

பால் வேறுபாட்டைப் பற்றி இன்னும் ஒன்று. வேறுபாடு தெரியவில்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றல்ல. 2020இல் ஹோன் உள்ளிட்ட குழு இந்தியத் துணைக்கண்டத்து ஆறுகளில் வாழும் நீள்மூக்கு முதலையான கரியாலின் 106 மாதிரிகளை ஆராய்ந்தது. ஆண் கரியாலின் மூக்கு நுனியில் குடம்போன்ற மேடு உண்டு. அதன் எலும்புப் பள்ளத்தை வைத்து ஆணை இனங்காணலாம். அந்த ஒன்றை விட்டுவிட்டால், ஆண்கள் உருவில் நன்கு பெரியவையாக இருந்தும், எண்களைக் கொண்டு இரு பால்களைப் பிரிப்பது கடினமாக இருந்தது. உயிரோடு உள்ள விலங்கிலேயே இந்த நிலை. முட்டையிடும் பருவத்துப் பறவைகளின் எலும்புக்குள் ஓட்டுக்கான சுண்ணாம்பைச் சேமிக்கும் தனித் திசு உருவாகும். பெண் டைனோசர்களை அதைக் கொண்டு கண்டறிய முயல்கிறார்கள். மென்தோல் முட்டையிட்ட புரோட்டோசெராடாப்ஸுக்கு அவ்வளவு சுண்ணாம்புச் சேமிப்பு தேவைப்பட்டிருக்காது. எனவே அந்த வழி இங்கே உதவும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வால், கண் பற்றிய விவாதங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். வால் எலும்புகளின் மேல்முட்கள் உயர்ந்து நிற்பதால் இது நீரில் நீந்தியது என்று 1920களிலேயே கருத்து எழுந்தது. ரஷ்ய அறிஞர் தெரெஷ்செங்கோ அண்மையில் அதைப் புதுப்பித்தார். எலும்புகள் பெரும்பாலும் கிடைப்பது மணல்மேட்டுப் பாறைகளில் என்பதால் நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். உயர்ந்த வாலும் காட்சிக்கே இருந்திருக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு வளையத்தை அளந்து, இது பகலென்றும் இரவென்றும் இல்லாமல் இடைவிட்டு இயங்கியது என்று 2011இல் லார்ஸ் ஷ்மிட்ஸ், ரியோசுகே மொட்டானி இருவரும் காட்டினார்கள். கடும் வெயில் நிலத்தில் ஒரு தாவர உண்ணி அப்படி வாழ்வது இயல்பே.

இனி, அருகாமை வாதத்தின் மிகப் பிரபலமான பிள்ளைக்கு வருவோம். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் என்னும் புராண விலங்கு புரோட்டோசெராடாப்ஸ் எலும்பைப் பார்த்து உருவானது என்று அமெரிக்க அறிஞர் ஆட்ரியன் மேயர் முன்வைத்தார். 2000இல் வெளியான அவருடைய நூல் அதைப் பரவலாக்கியது. அலகு இருக்கிறது, நான்கு கால் இருக்கிறது, பிடரித் தட்டை இறக்கையாகவோ காதாகவோ கொள்ளலாம். மத்திய ஆசியாவில் தங்கம் தேடிய நாடோடிகள் இந்த எலும்புகளைக் கண்டு, தங்கத்தைக் காக்கும் விலங்கு என்று கிரேக்கர்களிடம் சொல்லியிருப்பார்கள் என்பது வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. பழங்காலத்து மக்கள் புதைபடிவங்களைக் கவனித்தார்கள் என்று நிறுவியதில் மேயரின் பங்கு பெரியது. அதை நான் மதிக்கிறேன்.

கிரிஃபினைப் பொறுத்தவரை சான்று நிற்கவில்லை. 2024இல் மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் அந்த வாதத்தை ஒவ்வொரு படியாகச் சோதித்தார்கள். புரோட்டோசெராடாப்ஸ் கிடைக்கும் இடங்கள் பண்டைத் தங்க வயல்களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. எலும்புகள் முழு உருவமாக வெளியே தெரிவதில்லை. பெரும்பாலும் ஓரம் மட்டுமே பாறையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், மீதியை உளியால் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். கிரிஃபின் வடிவங்களோ கிரேக்கருக்கு மிக முன்னரே, கிறிஸ்துவுக்கு முன் நான்காம் ஆயிரமாண்டிலேயே, எகிப்திலும் ஈரானின் சூசா பகுதியிலும் செதுக்கப்பட்டுள்ளன. சிங்கத்தையும் கழுகையும் நாள்தோறும் கண்ட மக்களுக்கு இரண்டையும் இணைக்கக் கோபியின் எலும்பு தேவையில்லை. ஓவிராப்டர் கதையில் எலும்பும் முட்டையும் சில அங்குல இடைவெளியிலாவது கிடந்தன. இங்கே அந்த அருகாமையும் இல்லை.

குடும்ப வரலாற்றில் இதன் இடம் ஓரளவு தெளிவு. கொம்பு டைனோசர்களின் மிகப் பழைய உறவான யின்லாங் ஜுராசிக் காலச் சீனத்தில் இரண்டு கால்களில் நடந்த சிறு விலங்கு. பின்னாளைய டிரைசெராடாப்ஸ் வட அமெரிக்காவில் பல டன் எடையுள்ள பெருவிலங்கு. புரோட்டோசெராடாப்ஸ் இடையில் நிற்கிறது. ஆனால் டிரைசெராடாப்ஸின் நேர் மூதாதை அல்ல, பக்கக் கிளை. சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறும் படிக்கட்டாக இந்த வரலாற்றைப் படிப்பது தவறு. கனடாவின் ஆல்பர்ட்டாவில் பார்னம் பிரவுன் 1910இல் கண்டெடுத்த லெப்டோசெராடாப்ஸ் சிறு உருவத்தோடே டிரைசெராடாப்ஸின் காலத்தில், டைனோசர் யுகத்தின் இறுதிவரை வாழ்ந்தது. சிறிய உடலும் நெடுங்காலம் நிலைத்த ஒரு வாழ்க்கை முறை.

புரோட்டோசெராடாப்ஸ் பேரினத்திலும் இப்போது இரண்டு இனங்கள் ஏற்கப்படுகின்றன. 2001இல் உள் மங்கோலியாவிலிருந்து விவரிக்கப்பட்ட ஹெலனிகோரைனஸ் உருவில் பெரியது; முன்வாய்ப் பற்கள் இல்லாதது. அருகிலுள்ள பாறைகளில் பாகாசெராடாப்ஸ் என்னும் சிறிய உறவினமும் உண்டு. குஞ்சு எலும்புகளுக்குத் தனிப் பெயர் சூட்டி இனங்களைப் பெருக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெயர்களில் பல இப்போது ஒன்றாக்கப்பட்டு வருகின்றன. வளர்ச்சி வரிசை கையிலிருப்பதால்தான் இந்தக் களையெடுப்பு நடக்கிறது.

எண்ணிக்கையே இந்த விலங்கின் பெருமை. அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு வருவது, ஒவ்வொரு மண்டையோடும் எந்த இடத்தில், எந்தப் பாறையடுக்கில் கிடைத்தது என்ற குறிப்போடு பொது அருங்காட்சியகத்தில் இருக்கும்போதுதான். 1923இன் முட்டைகளில் ஒன்றை ஆண்ட்ரூஸ் பயணச் செலவுக்காக ஏலம் விட்டார். 5,000 டாலருக்கு அது போனது. எலும்புக்கும் முட்டைக்கும் பெருவிலை உண்டு என்ற செய்தி பரவியது. அமெரிக்கர்கள் புதையல் அள்ளுகிறார்கள் என்ற சந்தேகம் வளர்ந்தது. 1928இல் சீன அதிகாரிகள் பயணக்குழுவின் சேகரிப்பைத் தடுத்து வைத்தார்கள். அன்று தொடங்கிய வணிகம் இன்றும் ஓயவில்லை. புதைபடிவங்களை நாட்டை விட்டு விற்றுக் கொண்டுபோவதை மங்கோலியச் சட்டம் தடுக்கிறது. ஆனாலும் 2012இல் டார்போசாரஸ் என்னும் பெரிய ஊன்தின்னி டைனோசரின் எலும்புக்கூடு ஒன்று நியூயார்க் ஏலத்துக்கு வந்தது. அதை மீட்க மங்கோலியா வழக்காட வேண்டியிருந்தது. மறு ஆண்டு அது நாடு திரும்பியது.

பெரிய ஊன்தின்னியின் எலும்பைக் காக்க உலகமே கவனிக்கும். நிறையக் கிடைக்கும் சிறு விலங்கின் மண்டையோடு ஒன்று வரவேற்பறை அலமாரிக்குப் போனால் யாரும் கேட்பதில்லை, நிறையத்தான் இருக்கிறதே என்பார்கள். 24 மண்டையோடுகளில் கிடைத்த விடை கூடுதல் மண்டையோடுகளில் மாறியது. அடுத்த திருத்தத்துக்கு இன்னும் பல தேவை. கோபியின் எலும்பு என்று எங்கே விலைக்கு வந்தாலும் வாங்காதீர்கள். வாங்க நினைப்பவரைத் தெரிந்தால் தடுத்துச் சொல்லுங்கள்.